தேரின் மேல்கட்டும் அடிமரமும்

சிதம்பரத்தில் வருடத்திற்கு இரண்டு தேரோட்டம். ஒன்று ஆனித் திருமஞ்சனத்திற்கு முதல் நாள். இன்னொன்று மார்கழி ஆருத்ரா தரிசனத்திற்கு முதல் நாள். விநாயகர், முருகன், நடராஜர், சிவகாமசுந்தரி, சண்டிகேஸ்வரர் என்று ஐந்து தேர்கள் வீதி சுற்றி வரும். மற்ற ஊர்களில் தேரில் ஏறுவது உற்சவர். இங்கே மூலவர் நடராஜரே ஏறி வருகிறார். அன்றைக்குத் தேர்தான் கோயில்!

தேரோட்டம் என்றால் எல்லோருக்கும் ஞாபகம் வருவது வடமும் கூட்டமும்தான். ஆனால் ஒரு தேர் எங்கே பழுதாகிறது, அதை எப்படிச் சரி செய்கிறார்கள் என்று யோசித்தது உண்டா?

சிதம்பரம் ஆகட்டும், கடலூர் திருப்பாதிரிப்புலியூர் பாடலீஸ்வரர் கோயிலின் வைகாசித் தேர் ஆகட்டும், எந்தப் பெரிய தேருக்கும் இரண்டு பாகம் உண்டு. கீழே இருப்பது அடிமரம். பெரும்பாலும் இலுப்பை மரத்தில், சிற்பங்களோடு, பல தலைமுறைக்கு நிற்கும்படி செய்தது. மேலே இருப்பது மேல்கட்டு. கம்புகள், மூங்கில், கயிறு, தேர்ச்சீலை, தொங்கும் தொம்பைகள். திருவிழாவுக்குக் கட்டுவார்கள், முடிந்ததும் பிரித்து விடுவார்கள்.

வெளிநாடுகளில் சக்கரம் பூட்டிய வீட்டு வண்டிகள் இருக்கின்றன. நிறுத்திய இடத்தில் அறையின் ஒரு பக்கம் வெளியே நீளும். அதன் மேல் பந்தல் துணி விரியும். அந்தத் துணியில் மழைநீர் தேங்கினால் பாரம் தாங்காமல் சட்டம் வளையும், நீர் உள்ளே இறங்கிச் சுவர் ஊறிப்போகும். துணியைக் கவனிக்காத குற்றத்திற்குச் சுவர் தண்டனை அனுபவிக்கும்.

தேரின் கதையும் அதேதான். மழையில் நனைந்த சீலை கனக்கும். காற்று அடித்தால் பாய்மரம் போல இழுக்கும். அந்த இழுப்பு முழுவதும் கம்புகளை நட்டிருக்கும் துளைகளில் வந்து சேரும். துளை மெல்ல அகலும், நீர் இறங்கும், மரம் மக்கும். சிதம்பரத்தின் மார்கழித் தேர் வடகிழக்குப் பருவமழையை ஒட்டியே வருகிறது. கடலூரைப் புரட்டிப் போட்ட தானே புயல் கரையைக் கடந்தது 2011 டிசம்பர் 30, அதுவும் மார்கழி மாதம்தான்.

கிழிந்த சீலையை மாற்றுவது சுலபம். மக்கிய அடிமரத்தைச் சரி செய்வதுதான் கஷ்டம். தச்சர்கள் கெட்ட பாகத்தை அறுத்து எடுப்பார்கள். காய்ந்த மரத்தை அளவெடுத்துப் பொருத்துவார்கள். ஆப்பு அடித்து, பட்டை போட்டு இறுக்கி, எண்ணெய் பூசுவார்கள். பெரிய பழுது என்றால் வெள்ளோட்டம் விட்டுப் பார்த்த பிறகுதான் சுவாமி ஏறுவார். இப்போது பொதுப்பணித் துறை பொறியாளர்களும் தேரின் உறுதியைச் சோதிக்கிறார்கள்.

இதில் பெரிய பாடம் திருவாரூர் ஆழித்தேர். அடிமரம் மட்டும் சுமார் 30 அடி. மேல்கட்டும் சேர்ந்தால் 96 அடி! பழைய தேர் 1926-ல் எரிந்து போனது. புதுத் தேர் 1930-ல் ஓடியது. 1948-க்குப் பிறகு அதுவும் நின்று விட்டது. மீண்டும் ஓடியது 1970-ல். திருச்சி பெல் நிறுவனம் இரும்பு அச்சும் ஹைட்ராலிக் பிரேக்கும் பொருத்திக் கொடுத்தது. முட்டுக்கட்டையை மட்டும் நம்பிய தேருக்கு நவீன பிரேக் வந்தது அப்படித்தான்.

ஆக, கீழ்ப்பாகத்தை இரும்பால் பலப்படுத்த வழி கிடைத்தது. மேல்பாகம்?

2022 ஏப்ரல் 27 அதிகாலை, தஞ்சாவூர் அருகே களிமேடு. அப்பர் சதய விழா. தெருவில் தேர் திரும்பும்போது அதன் மேல்பாகம் உயரழுத்த மின்கம்பியில் பட்டது. குழந்தைகள் உட்பட 11 பேர் இறந்தார்கள். அச்சு முறியவில்லை, சக்கரம் கழலவில்லை. உயரமாக நின்ற மேல்கட்டுதான் காரணம். கல்லோடு கட்டிக் கடலில் விடப்பட்ட அப்பர் கரையேறியது திருப்பாதிரிப்புலியூர் பக்கம் என்பது கடலூர்க்காரர்களின் நம்பிக்கை. அவர் பெயரில் நடந்த விழாவில் இப்படி ஒரு துயரம்.

காமர்ஸ் மாணவர்களுக்குத் தேய்மானம் தெரியும். விலை உயர்ந்த சொத்துக்குத்தான் தேய்மானக் கணக்கு எழுதுவோம். கயிறு, துணி, மூங்கிலை அந்த வருடச் செலவில் எழுதி மறந்து விடுவோம். தேர் விஷயத்தில் அந்தக் கணக்கு தப்பு. சொத்தைக் கெடுப்பதும், சில நேரம் உயிரையே எடுப்பதும் அந்தச் சில்லறைச் செலவுப் பகுதிதான். அடுத்த முறை வடம் பிடிக்கும்போது ஒரு நிமிடம் அண்ணாந்தும் பாருங்கள்.