துறைமுகத்தில் காவல், தோட்டத்தில் காய்ச்சல்

நோயைத் தடுக்க நாடுகள் ஒன்றுகூடிய வரலாற்றை எழுதுவோர் பாரிசிலிருந்தே தொடங்குவர். 1851ஆம் ஆண்டு பன்னிரண்டு அரசுகள் அங்குக் கூடின. ஒவ்வோர் அரசும் ஒரு மருத்துவரையும் ஓர் அரசதந்திரியையும் அனுப்பியது. காலரா, பிளேக், மஞ்சட்காய்ச்சல் ஆகிய மூன்றுமே பேசப்பட்டன. நோய் எல்லையைக் கடக்கக் கூடாது. ஆனால் கப்பலும் சரக்கும் தடையின்றிச் செல்ல வேண்டும். இதுவே அவர்களின் கவலை. மனித நேயத்தைவிட வணிகமே அம்மாநாட்டைக் கூட்டியது என்பது நம் கருத்து.

பந்திங்கிலும் கிள்ளானிலும் வாழும் நமக்கு இவ்வரலாறு வேறொரு கோணத்தில் தெரிகிறது. நாகப்பட்டினத்திலும் சென்னையிலும் கப்பலேறிய நம் முன்னோர், இங்கு வந்திறங்கியதும் தொற்றுத்தடை முகாம்களில் நிறுத்தி வைக்கப்பட்டனர். பினாங்கை அடுத்த ஜெரஜாக் தீவின் முகாம் பலரும் அறிந்தது. காலராவையும் அம்மையையும் சுமந்து வரக்கூடியவர்கள் என்றே அவர்கள் கருதப்பட்டனர். முகாமைக் கடந்து தோட்டத்துக்குச் சென்றபின் அவர்களை மாய்த்ததோ மலேரியா. அந்நோயைப் பற்றி அன்றைய உடன்படிக்கைகள் வாய்திறக்கவில்லை. கூலி வரிசையில் பரவிய காய்ச்சல் ஐரோப்பியத் துறைமுகம் எதையும் அச்சுறுத்தவில்லை அல்லவா!

அக்காய்ச்சல் துறைமுகத்தையே தாக்கியபோதுதான் நிலைமை மாறியது. 1901 செப்டம்பரில் திறக்கப்பட்ட போர்ட் சுவெட்டன்ஹாம், இன்றைய கிள்ளான் துறைமுகம், சில மாதங்களிலேயே மலேரியாவால் முடங்கியது. அவ்வாண்டு கிள்ளானில் பணியேற்றிருந்த மருத்துவர் மால்கம் வாட்சன், சதுப்பு நிலத்தை வடித்துக் காட்டை அழிக்கச் சொன்னார். அரசு இசைந்தது, காய்ச்சல் தணிந்தது. பின்னர் அவர் தோட்டங்களின் பக்கம் திரும்பினார். கடலோரச் சமவெளியில் அம்முறை நற்பயன் தந்தது. மலையடிவாரத்திலோ, நிழல் நீங்கி வெயில் பட்ட தெளிந்த ஓடைகளில் வேறோர் இனக் கொசு பெருகி நோயை வளர்த்தது. கொசுவின் இனமறிந்தே நிலத்தைத் திருத்த வேண்டும் என்பது அவர் கண்ட உண்மை. டச்சு ஆட்சியிலிருந்த இந்தோனேசியாவில் சுவெல்லன்கிரெபெல் என்னும் அறிஞர் இதனைத் தனிக் கோட்பாடாகவே வளர்த்தெடுத்தார். இதற்கு எந்த உடன்படிக்கையும் தேவைப்படவில்லை.

1925இல் உலக நாடுகள் சங்கத்தின் நலவாழ்வு அமைப்பு சிங்கப்பூரில் கீழைப் பணியகத்தைத் திறந்தது. ராக்ஃபெல்லர் அறக்கட்டளை பொருளுதவி செய்தது. ஆசியத் துறைமுகங்கள் தத்தம் நோய் நிலவரத்தைத் தந்தியில் தெரிவிக்க, பணியகம் அவற்றைத் தொகுத்து வாரந்தோறும் வானொலி அலைவழியே பரப்பியது. இதுவும் துறைமுகக் காவலே. ஆயினும் 1934இல் அதே நகரில் அச்சங்கத்தின் சார்பில் மலேரியாப் பயிற்சி வகுப்புகள் தொடங்கின. 1937இல் பாண்டுங் மாநாடு சிற்றூர் மக்களின் நலவாழ்வு, உணவு, உறைவிடம் ஆகியவற்றை ஆராய்ந்தது. கப்பலைவிட்டுக் குடிசையின் பக்கம் நாடுகளின் பார்வை திரும்பியது அப்போதுதான்.

1942இல் சிங்கப்பூர் வீழ்ந்தது. பணியகமும் அதனோடு ஓய்ந்தது. 1948இல் உலகச் சுகாதார நிறுவனம் தோன்றி, முதன்மையாகக் கவனிக்க வேண்டியவற்றை வரிசைப்படுத்தியபோது, பாரிசில் எவரும் பேசாத மலேரியா அவ்வரிசையில் இடம்பெற்றது.