மரை சொல்லும் வரலாறு

கர்நாடகத்தின் ஆனேக்கல் வட்டம் அத்திப்பள்ளியில் முடியுமிடத்தில் தமிழ்நாட்டின் ஒசூர் தொடங்குகிறது. விடுதலைக்கு முன் இவ்வெல்லைக்கு ஒருபுறம் மைசூர் சமஸ்தானம். மறுபுறம் சென்னை மாகாணத்தின் சேலம் மாவட்டம். இவ்வட்டாரப் பட்டறைகளில் பழைய மோட்டார் சைக்கிளைப் புதுப்பிக்க முனைவோர் இன்றும் வேறோர் எல்லையைக் கடந்தாக வேண்டும். அது போல்ட்டின் மரையில் ஓடும் எல்லை.

சென்னையில் 1955ஆம் ஆண்டு தொடங்கப்பெற்ற என்ஃபீல்டு இந்தியா நிறுவனத்தின் புல்லட், இங்கிலாந்தின் ரெட்டிச் நகரில் உருவான வண்டி. அதன் அளவுகள் அங்குலத்தில் அமைந்தவை. மைசூரில் 1961இல் உற்பத்தியைத் தொடங்கிய ஐடியல் ஜாவாவின் வண்டியோ செக்கோஸ்லோவாக்கியாவில் பிறந்தது. அந்நிலப்பகுதி ஆஸ்திரிய ஆட்சியின்கீழ் இருந்தபோதே, 1876 முதல், மெட்ரிக் முறை அங்குக் கட்டாயமாகிவிட்டது. ஆகவே ஒரே சாலையில் ஓடிய இரு வண்டிகளுள் ஒன்று அங்குலத்திலும் மற்றொன்று மில்லிமீட்டரிலும் பேசின. இந்தியா மெட்ரிக் முறைக்கான சட்டத்தை இயற்றியது 1956இல். நடைமுறைப்படுத்தத் தொடங்கியது 1958இல்.

மரைக்குப் பொது இலக்கணம் வகுத்தவர் ஜோசப் விட்வர்த். 1841இல் அவர் முன்மொழிந்த மரையின் கோணம் 55 பாகை. அமெரிக்காவில் வில்லியம் செல்லர்ஸ் 1864இல் 60 பாகையை வகுத்தார். இவ்வேறுபாடு இரண்டாம் உலகப்போரில் நேச நாடுகளின் தளவாடப் பழுதுபார்ப்பில் பெருந்தொல்லை விளைத்தது. அதன் பயனாக 1948 நவம்பரில் அமெரிக்கா, பிரிட்டன், கனடா ஆகிய மூன்றும் பொது மரையொன்றை ஏற்றன. எனினும் பிரிட்டிஷ் மோட்டார் சைக்கிள் தொழில் பழைய மரைகளை உடனே கைவிடவில்லை.

இன்றைய கடையில் எளிதிற் கிடைப்பது 8 மி.மீ. மெட்ரிக் போல்ட். பழைய 5/16 அங்குல போல்ட்டின் விட்டம் 7.94 மி.மீ. கண்ணுக்கு இரண்டும் ஒன்றே. ஆனால் முன்னதன் மரை இடைவெளி 1.25 மி.மீ.; விட்வர்த் மரையில் அது 1.41, பிரிட்டிஷ் நுண்மரையில் 1.15. விட்வர்த் மரை வெட்டிய அலுமினியப் பகுதியில் மெட்ரிக் போல்ட்டைத் திருகினால் முதற்சுற்று இணங்கும், பின்பு இறுகும். அங்கே ஸ்பானரை அழுத்துபவர் போல்ட்டை முடுக்கவில்லை. அறுபது, எழுபது ஆண்டு நிலைத்த மரையை அழிக்கிறார். மனம் பிறழ்ந்தவரை 'மரை கழன்றவர்' என்னும் பேச்சுவழக்கு, பட்டறை அறிவு மொழியில் விட்டுச்சென்ற தடமே.

ஸ்பானரும் இவ்வரலாற்றின் சான்று. மெட்ரிக் ஸ்பானரின் மீதுள்ள எண் போல்ட் தலையின் அகலத்தைக் குறிக்கும். விட்வர்த் ஸ்பானரின் எண்ணோ தண்டின் விட்டத்தைக் குறிக்கும். இதனை அறியாதவர் பொருந்தாத ஸ்பானரால் தலையின் விளிம்புகளைத் தேய்த்துவிடுவர்.

இது அழகுணர்ச்சி பற்றிய கேள்வி மட்டுமன்று. 2021இல் திருத்தப்பெற்ற மோட்டார் வாகன விதிகள், ஐம்பது ஆண்டு கடந்து, மூல வடிவிலேயே பேணப்பட்ட வண்டியையே தொன்மை வாகனமாகப் பதிவு செய்ய இடமளிக்கின்றன. ஒரு போல்ட்டுக்காகப் பதிவு மறுக்கப்படாது. ஆயினும் தலையில் 8.8 என்னும் மெட்ரிக் வலிமைக் குறி பொறித்த போல்ட், 1955இன் புல்லட்டில் காலமுரணாகவே நிற்கும். பிற்கால ஆய்வாளரையும் தவறான முடிவுக்கு இட்டுச்செல்லும்.

காலத்துக்கு ஒத்தது என்பதற்குத் துருப்பிடித்தது என்று பொருளில்லை. பிரேக்கிலும் அச்சிலும் களைத்த இரும்பை வைத்திருப்பது உயிரோடு விளையாடுவதாகும். அங்கே தேவைப்படுவது பழைய மரையில், தக்க வலிமையுடைய எஃகில் புதிதாகக் கடைந்த போல்ட். கழற்றிய ஒவ்வொன்றையும் இடம் குறித்துத் தனிப்பையில் வைத்து, மரை அளவியால் அளந்த பின்னரே மாற்றைத் தேட வேண்டும். கல்வெட்டைப் படியெடுப்பவர் தேய்ந்த எழுத்தைத் தம் விருப்பப்படி திருத்துவதில்லை. பழைய வண்டியின் மரையும் அத்தகைய எழுத்தே.