மருத்துவமனையிலிருந்து ஊருக்கா? எம்.ஆர்.எஸ்.ஏ. கிருமியின் வரலாற்றுத் தடம் குறித்து ஒரு மறுப்பு

மெதிசிலினுக்குக் கட்டுப்படாத ஸ்டெஃபிலோகாக்கஸ் ஆரியஸ், அதாவது எம்.ஆர்.எஸ்.ஏ., மருத்துவமனையில் தோன்றிப் பின்னர் ஊருக்குள் பரவியது என்ற கருத்துக்கு மிகத் திருத்தமான வடிவம் தந்தவர் ஹென்றி சேம்பர்ஸ். 2001இல் வெளிவந்த கட்டுரையில் அவர் ஓர் அட்டவணை தருகிறார். பெனிசிலின் எதிர்ப்பு மருத்துவமனைகளில் 25 விழுக்காட்டை எட்ட 6 ஆண்டுகள், ஊரில் எட்ட 15 முதல் 20 ஆண்டுகள் ஆயின. மெதிசிலின் எதிர்ப்பும் இதே வழியில் செல்லும், ஊரில் அதே விகிதத்தை எட்ட 40 முதல் 50 ஆண்டுகள் ஆகும் என்பது அவர் கணிப்பு. ஊரில் காணப்படும் கிருமி மருத்துவமனைக் கிருமியின் வழித்தோன்றலாகவோ தனியே தோன்றியதாகவோ இருக்கலாம் என்று அவரே எழுதுகிறார். ஆயினும் அட்டவணை ஒரு பாதையையே காட்டுகிறது. வாசகர் மனத்தில் தங்குவதும் அதுதான்.

பெனிசிலினைப் பொறுத்தவரை சேம்பர்ஸின் வரிசையை மறுக்க இடமில்லை. லண்டன் மருத்துவமனை ஒன்றில் மேரி பார்பர் கண்ட எதிர்ப்பு விகிதம் 1947இல் 38 விழுக்காடு. அடுத்த ஆண்டில் 59. மெதிசிலின் வரலாற்றை இதே அச்சில் வார்த்ததில்தான் பிழை.

இவ்வரலாற்றின் தொடக்க ஆவணம், பாட்ரிசியா ஜெவன்ஸ் 1961 ஜனவரியில் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் எழுதிய சிறு குறிப்பு. காலின்டேல் ஆய்வகத்தில் சோதித்த 5,440 மாதிரிகளில் மூன்று மட்டுமே செல்பெனினுக்கு (மெதிசிலினின் வணிகப் பெயர்) கட்டுப்படவில்லை. மூன்றும் ஒரே மருத்துவமனையிலிருந்து வந்தவை. ஆகவே அவற்றை ஒரே தொற்றின் மூன்று தடயங்களாகக் கொள்வதே பொருத்தம். குறிப்பில் நான் முதன்மையாகக் கருதுவது வேறொரு செய்தி: இவை பெனிசிலின், ஸ்ட்ரெப்டோமைசின், டெட்ராசைக்ளின் ஆகியவற்றுக்கும் கட்டுப்படவில்லை. மெதிசிலின் புழக்கத்துக்கு வந்து அதிக காலம் ஆகாத நிலையில், இத்தனை எதிர்ப்பையும் சுமந்த கிருமியைப் புதுமருந்தின் விளைவாகக் கருதுவது கடினம். அது முன்பே இருந்தது. புதுமருந்து அதை வெளிக்காட்டியது.

2017இல் ஹார்கின்ஸ் குழுவினர் 209 பழைய மாதிரிகளின் மரபணுத் தொகுதியை ஆராய்ந்து, ஜெவன்ஸ் கண்ட கிருமியின் வம்சம், மெதிசிலின் எதிர்ப்பைத் தரும் மெக்-ஏ மரபணுவை 1940களின் நடுவிலேயே பெற்றது என்றனர். இது மரபணு மாற்ற வேகத்திலிருந்து பின்னோக்கிக் கணித்த காலம். நேரடிச் சான்று அன்று. ஆண்டை நான் அறுதியாகக் கொள்ளவில்லை, மெதிசிலினுக்கு முந்தியது என்பதை ஏற்கிறேன். மெக்-சி என்னும் உறவு மரபணுவைச் சுமந்த வகை ஐரோப்பிய முள்ளெலிகளில் 1800களின் தொடக்கத்திலேயே தோன்றியது என்ற 2022 ஆய்வும் இதற்கு அரண் செய்கிறது. அவற்றின் தோலில் வாழும் பூஞ்சையே பெனிசிலின் வகைப் பொருளைச் சுரக்கிறது. எதிர்ப்பு பிறக்க மருத்துவமனை தேவைப்படவில்லை.

ஊரில் பரவிய வகையைப் பார்ப்போம். மேற்கு ஆஸ்திரேலியாவின் கிம்பர்லியில், மருத்துவமனைத் தொடர்பற்ற மக்களிடம் கண்ட எம்.ஆர்.எஸ்.ஏ. பற்றி 1993இலேயே ஆய்வு வெளிவந்தது. இத்தகைய ஊர்வகைகள் பலவும் மெக்-ஏவை, அதைத் தாங்கி இடம்பெயரும் மரபணுத் தொகுப்புகளில் சிறியதான நான்காம் வகையில் சுமந்தன. பீட்டா-லாக்டம் (பெனிசிலின், மெதிசிலின் போன்றவை) அல்லாத பல மருந்துகளுக்குக் கட்டுப்பட்டன. மருத்துவமனை வகைகளின் பன்மருந்து எதிர்ப்பு இவற்றில் இல்லை. வழித்தோன்றல் என்றால் அந்த எதிர்ப்புகளை எங்கே, எப்படி இழந்தன?

ஒரு தடையை மறைக்கக் கூடாது. அமெரிக்காவில் பெருகிய யு.எஸ்.ஏ.300 வகையும் ஜெவன்ஸின் கிருமியும் சி.சி.8 என்னும் ஒரே பெருங்குடும்பம். ஆனால் ஜெவன்ஸின் கிருமியில் இருப்பது முதலாம் வகைத் தொகுப்பு, யு.எஸ்.ஏ.300இல் நான்காம் வகை. பங்காளிகள் என்பதற்கு இது சான்று, தாயும் சேயும் என்பதற்கு அன்று. யு.எஸ்.ஏ.300 தோன்றிய காலம் இன்னும் தீரா விவாதம்.

இந்த வாதம் ஏட்டோடு நிற்பதில்லை. 1997க்கும் 1999க்கும் இடையே மின்னசோட்டா, வடக்கு டகோட்டா மாநிலங்களில் நான்கு குழந்தைகள் எம்.ஆர்.எஸ்.ஏ. தொற்றால் இறந்தனர். அவர்களுக்கு முதலில் தரப்பட்டவை செஃபலோஸ்போரின் மருந்துகள். கிருமி அவற்றுக்குக் கட்டுப்படவில்லை. மருத்துவமனைத் தொடர்பில்லாத குழந்தைக்கு எம்.ஆர்.எஸ்.ஏ. வராது என்பதே அன்றைய பொது நம்பிக்கை. அமெரிக்காவின் 11 நகரங்களின் அவசரப் பிரிவுகளுக்கு 2004 ஆகஸ்டில் தோல் தொற்றோடு வந்தவர்களில் 59 விழுக்காட்டினரிடம் எம்.ஆர்.எஸ்.ஏ. இருந்தது. மெக்-ஏ தொகுப்பு எந்த உயிரியிலிருந்து, எத்தனை முறை ஸ்டெஃபிலோகாக்கஸ் ஆரியஸுக்குள் புகுந்தது என்பது தெளிவாகும்வரை, மருத்துவமனை வாயிலில் மட்டும் காவல் வைப்பது போதாது. ஊர்த்தொற்றுக்கும் தனிக் கண்காணிப்பு வேண்டும்.