காட்டுச்சேவலின் பிடரி இறகும் தூண்டில் கலையும்: ஒரு மூலப்பொருளின் வரலாறு

குளிர்ந்த மலையோடைகளில் வாழும் ட்ரௌட் மீனைப் பிடிப்பதற்குப் புழுவையோ பூச்சியையோ முள்ளில் கோக்காமல், பறவை இறகு, பட்டிழை, உலோகச் சரிகை ஆகியவற்றை முள்ளின் மீது கட்டிப் பூச்சிபோலத் தோன்றச் செய்யும் செயற்கை இரை, இக்கட்டுரையில் ‘இறகுத் தூண்டில்’ எனக் குறிக்கப்படுகிறது. இக்கலையின் வரலாறு பெரும்பாலும் ஐரோப்பிய ஆற்றங்கரைப் பொழுதுபோக்கின் வரலாறாகவே எழுதப்பட்டுள்ளது. அதன் மூலப்பொருள்களின் வழியே அவ்வரலாற்றை ஆராயும்போது, தென்னிந்தியக் காடுகளும் அங்கு வாழும் சாம்பல் காட்டுக்கோழியும் அதில் தவிர்க்க முடியாத இடம் பெறுகின்றன.

இறகுத் தூண்டிலைக் கட்டுவோர் முள்ளின் தண்டில் முறுக்கேறாத பட்டிழையைச் சுற்றி உடலை அமைத்து, அதன்மேல் இடைவெளி விட்டுச் சரிகையைச் சுருளாக ஓட்டுவர். இறுதியில் சேவலின் பிடரி இறகை, அதாவது கழுத்தின் பின்புறத்தில் வளரும் நீண்டு கூரிய இறகை, முள்ளைச் சுற்றி வளைத்துக் கட்டும்போது, அதன் தூவிகள் நாற்புறமும் விரிந்து பூச்சியின் கால்களைப்போல நீரில் அசையும். சரிகை ஒளியைக் காட்டுவதோடு, மீனின் பற்களால் பட்டிழை அறுபடாமலும் காக்கிறது. இதற்குப் பயன்படும் சரிகையின் ஒரு வகை, மெல்லிய உலோகப் பட்டியை நூலின்மேல் நெருக்கமாகச் சுற்றிச் செய்யப்படுவதாகும். காஞ்சிபுரம் பட்டுச் சேலைக்குரிய மரபான சரிகையும், வெள்ளிக் கம்பியை இழுத்துத் தட்டையாக்கிப் பட்டிழையின் மீது சுற்றிப் பொன்முலாம் ஏற்றிப் பெறப்படுவதால், இரண்டும் அடிப்படை அமைப்பில் ஒன்றே.

சேவல் இறகைத் தூண்டிலில் கட்டும் வழக்கம் மிகப் பழமையானது. மக்கெதோனிய மீனவர் முள்ளில் செந்நிறக் கம்பளி நூலைச் சுற்றி, மெழுகு நிறமுள்ள இரு சேவல் இறகுகளைப் பொருத்தியதை, கி.பி. 200ஐ ஒட்டிய காலத்தில் உரோமானிய எழுத்தாளர் ஏலியன் பதிவு செய்தார். இங்கிலாந்தில் 1496இல் அச்சான தூண்டில் நூல் பன்னிரண்டு வகை இறகுத் தூண்டில்களை விவரித்தது. அக்காலத்தில் உள்ளூர்ப் பறவைகளின் மங்கிய இறகுகளே பெரிதும் பயன்பட்டன. பல வண்ண இறகுகள் மிகுதியாக இடம்பெற்றது, கடல் வணிகமும் காலனி ஆட்சியும் விரிந்த 19ஆம் நூற்றாண்டில்தான்.

அவ்வாறு கடல் கடந்த இறகுகளுள் தனிச்சிறப்புடையது சாம்பல் காட்டுச்சேவலின் பிடரி இறகு. பிரெஞ்சு இயற்கையறிஞர் பியேர் சொன்னெரா தம் 1782ஆம் ஆண்டுப் பயணநூலில் விவரித்த இப்பறவைக்கு, 1813இல் டச்சு விலங்கியலாளர் டெமிங்க் அவர் பெயரையே அறிவியல் பெயராகச் சூட்டினார். பிடரி இறகின் நடுத்தண்டு ஆங்காங்கே தட்டையாக விரிந்து மெழுகுபோல் மின்னும் புள்ளிகளாவதால், ஈரம் பட்டாலும் அவற்றின் பளபளப்பு குன்றுவதில்லை. ஐரோப்பியர் இதனைக் கண்டறிவதற்குப் பல நூற்றாண்டுகள் முன்பே தமிழ்ப்புலவர் இதனைக் கூர்ந்து நோக்கியிருந்தனர். குறுந்தொகையின் 242ஆம் பாடல், கானங்கோழிச் சேவலின் ஒளிமிக்க புள்ளிகளையுடைய கழுத்தில் குளிர்ந்த நீர்த்துளி விழுவதை முல்லைநிலக் காட்சியாக அமைக்கிறது.

‘ஜங்கிள் காக்’ என்ற வணிகப் பெயரில் இவ்விறகு விக்டோரியக் கால சால்மன் மீன் தூண்டில்களில் நிலைபெற்றது. ‘ஜாக் ஸ்காட்’ என்னும் புகழ்பெற்ற தூண்டிலின் இரு பக்கங்களிலும் அது அமைந்தது. 1895இல் ஜார்ஜ் கெல்சன் வெளியிட்ட சால்மன் தூண்டில் நூலிலும் பல வடிவங்களில் இடம்பெற்றது. இதே காலத்தில் சென்னை மாகாணத்தில் தூண்டில் மீன்பிடிப்பும் வேரூன்றியது. மாகாண ஆட்சிப்பணியிலிருந்த எச். எஸ். தாமஸ் 1873இல் இந்தியத் தூண்டில் மீன்பிடிப்பு குறித்து விரிவான நூலை எழுதினார். நீலகிரியில் ட்ரௌட்டை வளர்க்க 1860களில் தொடங்கிய முயற்சிகள் பயன் தராமற் போயினும், 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மீன்வளர்ப்பு வல்லுநர் எச். சி. வில்சனின் உழைப்பாலும், 1907இல் அவலாஞ்சியில் அமைந்த குஞ்சு பொரிப்பகத்தாலும் அம்மீன் அங்கு நிலைத்தது. இவ்வாறு, இறகை ஈந்த பறவையும் அவ்விறகால் ஈர்க்கப்படும் மீனும் ஒரே மலையில் வாழும் நிலை உருவாயிற்று.

இறகுக்கான தேவை பறவையின் உயிரைக் கேட்டது. வணிகத்துக்குச் சென்றது உதிர்ந்த இறகன்று, கொன்ற சேவலின் கழுத்துத் தோல் முழுவதுமாகும். 1902இல் இந்திய அரசு பறவைத் தோல், இறகு ஏற்றுமதியைத் தடை செய்தது. பிரிட்டன் 1921இல் இறகு இறக்குமதித் தடைச்சட்டம் இயற்றியது. ஆயினும் காட்டுச்சேவல் தோல்கள் வெளிநாடு செல்வது 1960களின் இறுதிவரை முற்றிலும் நிற்கவில்லை. 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்துக்குப் பின், வெளிநாட்டுக் கலைஞர்கள் பண்ணைகளில் வளர்க்கப்பட்ட பறவைகளின் இறகையும், புள்ளி வரைந்த மாற்று இறகுகளையும் நாடினர்.

காட்டுப்பறவையின் தோல் கிடைக்காமற் போனபோதும் பழைய தூண்டில் வடிவங்கள் மறையவில்லை. அவை இன்றும் கட்டப்படுகின்றன. எனவே ஒரு கைவினையின் மரபைக் காப்பதற்கு அதன் முதல் மூலப்பொருளைக் காட்டிலிருந்து தொடர்ந்து பறிக்க வேண்டுவதில்லை என்பதற்கு இவ்வரலாறு தெளிவான சான்றாகிறது. அதனை முழுமையாக எழுதுவோர், தூண்டிலைக் கட்டிய கைகளோடு, அதற்கு இறகு தந்த தென்னிந்தியக் காட்டையும் கணக்கில் கொள்வது கடமையாகும்.