ஸ்டார் டிரெக் சித்திரக்கதைகள் (கோல்டு கீ)

அமெரிக்கத் தொலைக்காட்சியில் 1966 முதல் 1969 வரை ஒளிபரப்பான அறிவியல் புனைகதைத் தொடர் ஸ்டார் டிரெக். அதைத் தழுவி கோல்டு கீ நிறுவனம் 1967 முதல் 1979 வரை 61 இதழ்கள் வெளியிட்டது. தொடர் நின்று போன பிறகும் பத்தாண்டு ஓடியது என்பதே இதழின் செல்வாக்குக்குச் சாட்சி.

ஆனால் ரசிகர்களின் அபிப்பிராயம் நெடுங்காலம் கேலியாகவே இருந்தது. முதலில் நெவியோ சக்காராவும் பின்னர் ஆல்பர்ட்டோ ஜியோலிட்டியும் வரைந்தார்கள். இருவரும் இத்தாலியர்கள். ஆரம்பத்தில் தொடரைப் பார்க்காமல், விளம்பரப் புகைப்படங்களை வைத்தே வரைந்தார்கள். பாபநாசம் 108 சிவாலயத்தை நேரில் காணாதவர், இரண்டு மூன்று படங்களைப் பார்த்து லிங்கங்களை வரிசைப்படுத்தினால் எப்படியிருக்கும்? அப்படித்தான். தொடரின் விண்கப்பலான எண்டர்பிரைஸின் பின்புறம் தீபாவளி ராக்கெட்டைப் போல நெருப்பைக் கக்கியது.

கதையிலும் குறை உண்டு. முதல் இதழில் கப்பல் ஒரு கோளின் தாவர உயிர்களையே கதிரால் பொசுக்குகிறது. உயிரை மதிக்கும் தொடருக்கு இது நேர் எதிர். லென் வெய்ன் எழுத வந்த பின் நிலைமை சற்றுத் தேறியது.

எனினும் ஜியோலிட்டியின் தூரிகையைப் பழிப்பது நியாயமில்லை. அவர் தீட்டிய அந்நியக் கோள்களின் நிலப்பரப்பு, அட்டைப் பாறைகள் வைத்து எடுத்த தொடரின் அரங்குகளைவிட நம்பும்படி இருக்கிறது.

இந்தியாவில் இதற்கு அருகில் வருவது சக்திமான். 1997இல் தூர்தர்ஷனில் தொடங்கிய அத்தொடரும் சித்திரக்கதையாக வெளிவந்தது.