தொலைநோக்கியின் முன் நின்றவள்: ஹாஃப்மனின் ‘மணல்மனிதன்’ கதையில் பார்வைக்கோணம்

ஈ.டி.ஏ. ஹாஃப்மனின் ‘மணல்மனிதன்’ (1816) கதையின் இறுதிக் காட்சிக்கு ஒரு விளக்கம் நூறாண்டுக்கும் மேலாக வழங்கிவருகிறது. நகரமன்றக் கோபுரத்தின் உச்சியில் கதைநாயகனான மாணவன் நத்தானியேல் தன் சிறு தொலைநோக்கியை எடுத்துப் பார்க்கிறான், பார்த்ததும் பித்தேறுகிறது. தெருவில் வந்துகொண்டிருந்த வழக்கறிஞர் கொப்பேலியுஸையே அவன் கண்டான், தந்தையின் சாவோடு பிணைந்த பழைய அச்சம் மீண்டது என்கிறது உளப்பகுப்பாய்வு வழிவந்த வாசிப்பு. மூலத்திலோ, அவன் கொப்பேலியுஸை அப்போது கண்டதாக ஒரு வரியும் இல்லை.

இருப்பது வேறு. சாம்பல் நிறப் புதர் ஒன்று தங்களை நோக்கி நடந்து வருவதுபோல் தோன்றுவதாகச் சொல்பவள் அவனோடு கோபுரம் ஏறிய காதலி கிளாரா. நத்தானியேல் தன்னையறியாமல் சட்டைப்பையைத் துழாவுகிறான். கண்ணாடிப் பொருள் விற்கும் கொப்போலாவிடம் வாங்கிய தொலைநோக்கி கையில் சிக்குகிறது. பக்கவாட்டில் பார்க்கிறான். அதன் முன் கிளாரா நின்றாள் என்பது மட்டுமே கதைசொல்லி அடுத்துத் தரும் செய்தி. அவன் கண்ணுக்கு என்ன புலப்பட்டது என்று அவர் சொல்வதில்லை. நாடி துடிக்கிறது, முகம் வெளிறுகிறது, கண்கள் உருளுகின்றன. எல்லாம் வெளியிலிருந்து காணக்கூடிய குறிகள்.

இந்த மௌனத்தை ஆய்வாளர்கள் கொப்பேலியுஸைக் கொண்டு நிரப்பிவிட்டார்கள். புதரே கொப்பேலியுஸ்தான் என்று சிலர் சொல்வது வெறும் ஊகம். அதை நீட்டிப் பேசத் தேவையில்லை. நத்தானியேலின் வாயிலிருந்து அடுத்து வரும் கூச்சலே நமக்குக் கிடைக்கும் வலுவான சான்று. மரப்பொம்மையைச் சுழலச் சொல்லிக் கத்தியபடி அவன் கிளாராவைப் பற்றித் தூக்கிக் கீழே எறியப் பார்க்கிறான். தான் காதலித்த ஒலிம்பியா ஒரு பொம்மை என்று வெளிப்பட்ட நாளிலும் இதே கூச்சலைத்தான் எழுப்பினான். கொப்பேலியுஸைக் கண்டு அஞ்சியவன் கொப்பேலியுஸைப் பற்றி அலற வேண்டும். இவனோ பக்கத்தில் நிற்கும் பெண்ணைப் பொம்மை என்கிறான். உயிரற்ற ஒலிம்பியாவின் கண்களில் ஈர நிலவொளியைக் காட்டிய அதே கருவி, உயிருள்ள கிளாராவை மரமாக்கிவிட்டது என்றே கொள்ள வேண்டியிருக்கிறது.

இதற்கான தடயங்களைக் கதை முன்பே இட்டுவைத்திருக்கிறது. தன் கவிதையை ரசிக்காத கிளாராவை நத்தானியேல் உயிரற்ற தானியங்கி என்று ஏசுகிறான். அந்தக் கவிதையின் முடிவிலேயே கிளாராவின் கண்களுக்குள்ளிருந்து சாவு அவனைப் பார்க்கிறது. இவற்றைச் சேர்த்து வாசித்தால் கோபுரக் காட்சியை விளங்கிக்கொள்ள வெளியிலிருந்து ஒரு கோட்பாட்டைக் கொண்டுவர வேண்டியதில்லை.

மறுப்புகள் இல்லாமல் இல்லை. ஒலிம்பியாவைச் செய்த பேராசிரியர் ஸ்பலன்சானி, அந்தப் பொம்மைக்காகத் தன்னோடு சண்டையிட்டவனைக் கொப்பேலியுஸ் என்றே அழைக்கிறாரே என்பது ஒன்று. அழைக்கட்டும். கொப்போலாவும் கொப்பேலியுஸும் ஒருவரே என்று ஒப்புக்கொண்டாலும் தொலைநோக்கியின் முன் நின்றவர் யார் என்பது மாறுவதில்லை. கொப்பேலியுஸைக் கண்டுதானே அவன் குதித்தான் என்பது இன்னொன்று. குதித்தது உண்மை, ஆனால் பித்து அதற்கு முன்பே, கிளாரா மீட்கப்படுவதற்கும் முன்பே, தொடங்கிவிட்டது.

கதைசொல்லி ஏன் மௌனம் காக்கிறார் என்பதற்கான விடையைச் சற்றுத் தயக்கத்தோடு முன்வைக்கிறேன். கதை மூன்று கடிதங்களோடு தொடங்குகிறது. அவற்றை நண்பன் லோத்தார் கொடுத்ததாகக் கதைசொல்லியே பிறகு வாசகரிடம் சொல்கிறார். லோத்தார் கிளாராவின் சகோதரன். கோபுர நிகழ்வின்போது கீழே நின்றவன். அலறல் கேட்டு ஓடி, கதவை உடைத்து அவளைக் காப்பாற்றியவன். நத்தானியேலின் கண் கண்டதை அவன் அறிய வழியில்லை. கதைசொல்லி பிற இடங்களில் நத்தானியேலின் உள்ளத்துக்குள் தாராளமாக நுழைகிறார் என்பது உண்மையே. ஆனால் ஒலிம்பியாவின் கண்களில் நிலவொளி எழுந்ததாக அவர் சொல்லும்போதுகூட ‘போல’ என்ற எச்சரிக்கை உடன் நிற்கிறது. கோபுரத்திலோ அதுவும் இல்லை. பார்வை முற்றாக வெளியே வந்துவிடுகிறது.

தமிழ் வாசகர் இங்கே புதுமைப்பித்தனின் ‘காஞ்சனை’யை நினைக்கலாம். அங்கே தன்மையில் பேசுபவனின் கண்ணைத் தவிர நமக்கு வேறு கண் இல்லை. ஐயம் அதனாலேயே பிறக்கிறது. ஹாஃப்மனிடம் வெளியே நிற்கும் ஒருவர் இருந்தும், தேவையான நொடியில் பேச மறுக்கிறார். இது கூடுதல் துணிச்சல் என்பது என் எண்ணம்.

இந்தப் பேச மறுப்புக்கு ஹாஃப்மனின் தொழிலிலும் ஓர் ஒப்புமை உண்டு. அவர் பெர்லின் உயர் நீதிமன்றத்தில் நீதிபதியாக இருந்தவர். 1817இல் டேனியல் ஷ்மோலிங் என்ற தொழிலாளி தன் காதலியைக் கொன்ற வழக்கில் மருத்துவர் மறைவான மனநோய் என்று வாதிட்டார். கொலைக்கு நோக்கம் தெரியவில்லை என்பதாலேயே பித்து என்று முடிவுகட்ட முடியாது என்று ஹாஃப்மன் 1818இல் எழுதிய கருத்துரையில் மறுத்தார். கதைக்குப் பிந்திய ஆவணம் என்பதால் இதைச் சான்றாக வைக்கவில்லை. இருந்தாலும், இன்னொருவர் அகத்தைப் பற்றித் தெரிந்ததற்கு மேல் சொல்லக் கூடாது என்னும் கண்டிப்பு இரண்டிலும் ஒன்றே.

இந்த வாசிப்பில் கிளாராவின் பாத்திரமும் மாறுகிறது. பகுத்தறிவின் சலிப்பூட்டும் குரலாக மட்டும் அவளைக் கண்டவர்கள், அவளைக் குளிர்ந்தவள் என்று ஏசிய கதைமாந்தரின் கருத்தையே ஆய்வு முடிவாக எழுதினார்கள். தொலைநோக்கியின் முன் நின்றவள் அவள், கொலைக்கு இலக்கானவளும் அவள். கோபுரக் காட்சியின் மையத்திலிருந்து அவளை அகற்றிக் கொப்பேலியுஸை அங்கே நிறுத்திய வாசிப்பு மூலத்துக்குப் பொருந்தாதது. அதைக் கைவிட வேண்டும்.