தேயிலைத் தூரில் விளைந்த மாசி

தேயிலைத் தூரைத் தோண்டினால் தேங்காயும் மாசியும் கிடைக்கும் என்று தோட்டத்துக்கு ஆள் சேர்க்கும் கங்காணி ஊரில் ஆசை காட்டினானாம். அதை நம்பிக் கடல் கடந்து வந்தவர்கள்தாம் நம் முன்னோர். இலங்கை மலையகத்தில் இந்தக் கதையைக் கேட்காமல் வளர்ந்தவர் குறைவு. மேடைப் பேச்சாளர் சொல்வார், பள்ளி ஆசிரியர் சொல்வார், வரலாற்று நூல்களும் முதல் அத்தியாயத்திலேயே சொல்லிவிடும். ஆள்கட்டில், அதாவது அந்த ஆள்சேர்ப்பில், நடந்த ஏமாற்றுக்கு ஒரு சாட்சியமாகவே இது எல்லா இடத்திலும் வைக்கப்படுகிறது. எனக்கு அதில் உடன்பாடில்லை. இது சாட்சியமல்ல, புனைகதை. தோட்டத்து வரிசை வீடுகளான லயத்தில் வாழ்ந்தவர்கள் தங்களைப் பற்றித் தாங்களே கட்டிக்கொண்ட, கசப்பும் சிரிப்பும் கலந்த கதை. எந்த ஊருக்கும் முழுதாகச் சொந்தமில்லாமல் போனவர்களைப் பற்றிய கறுப்பு நகைச்சுவை மலையகத்தில் அச்சு இயந்திரத்தோடு வந்ததல்ல, அதற்கு முன்பே இங்கே இருந்தது என்பதற்கு என் கையில் உள்ள முதல் ஆதாரம் இந்தக் கதைதான்.

கதையில் வரும் இரண்டு பொருள்களில் மாசியை முதலில் எடுத்துக்கொள்வோம். மாசி என்பது மாலைதீவிலிருந்து வரும் சூரைக் கருவாடு. அவித்து, புகையூட்டி, கட்டைபோல் காய வைத்தது. இடித்துத் தூளாக்கிச் சம்பலில் போடுவார்கள், கறியில் போடுவார்கள். இலங்கைச் சமையலறையில், அதிலும் சிங்களச் சமையலறையில், அதற்குள்ள இடம் பெரிது. ஆள்கட்டு நடந்த திருச்சி, சேலம், புதுக்கோட்டை உள்நாட்டுக் கிராமங்களில் அப்படி இல்லை. பஞ்சத்தில் வாடும் ஒரு குடியானவனை ஆசை காட்டி இழுக்க நினைக்கும் கங்காணி நெல்லைச் சொல்லியிருப்பான், காசைச் சொல்லியிருப்பான், ஊரில் இழந்த நிலத்தை மீட்டுக்கொள்ளலாம் என்று சொல்லியிருப்பான். அந்தக் குடியானவன் வாயில் வைத்தறியாத கருவாட்டைச் சொல்லியிருக்க மாட்டான். மாசியின் அருமையும் விலையும் தெரிந்தது இக்கரைக்கு வந்து, கடையில் கடன் சொல்லி வாங்கியவர்களுக்குத்தான். ஆகவே கதை பிறந்த இடம் இக்கரை. சொன்னவர் வரப்போகிறவர் அல்லர், வந்து சேர்ந்து பல காலமானவர்.

அடுத்தது தேங்காய். நுவரெலியாக் குளிரில் இதைச் சொன்னால் தென்னையே வளராத இடத்தில் தேங்காயா என்று ஒரு சிரிப்போடு விஷயம் முடிந்துவிடும். சப்ரகமுவை மாகாணத்தில் முடியாது. கேகாலை மாவட்டத்தின் அரநாயக்கப் பக்கம் தேயிலையும் ரப்பரும் தனியாக ஒரு நாடாகப் பரந்து கிடக்கவில்லை. சரிவின் மேலே தோட்டம், கீழே வயல், நடுவில் சிங்களக் கிராமத்து வீட்டுத் தோட்டங்கள். அந்த வளவுகளில் பலாவும் கமுகும் தென்னையும் நிற்கும். தேங்காய் இங்கே கண்ணுக்கெட்டும் தூரத்திலேயே இருக்கிறது, தேயிலைத் தூரில் அல்ல, எல்லைக் கல்லுக்கு அந்தப் பக்கம். கொழுந்துக் கூடையோடு மலையில் நிற்பவளுக்கு அந்த மரமும் தெரியும், அதன் அடியில் நிற்கத் தனக்கு உரிமையில்லை என்பதும் தெரியும். ஹட்டனில் வெறும் கேலியாக இருக்கும் ஒரு வரி, தமிழர்கள் சிதறிச் சிறுபான்மையிலும் சிறுபான்மையாக வாழும் இந்தச் சரிவுகளில் நிலத்தைப் பற்றிய குத்தலாக மாறிவிடுகிறது.

வாய்மொழிக் கதைக்குத் தேதி ஏது, ஆள்கட்டுக் காலத்துப் பேச்சே அப்படியே இறங்கி வந்திருக்கலாமே என்று கேட்கலாம். தேதி கதைக்குள்ளேயே இருக்கிறது. தென்னிந்தியத் தொழிலாளர்கள் கூட்டம் கூட்டமாக வரத் தொடங்கியது கோப்பிக் காலத்தில், அதாவது பத்தொன்பதாம் நூற்றாண்டின் முதற்பாதியில். ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்துறையில் 19 ஏக்கரில் தேயிலை வைத்தது 1867இல். கோப்பி இலையில் நோய் கண்டது 1869இல். கோப்பி அழிந்து தேயிலை மலைகளை மூடியது 1880களில். தேயிலைத் தூர் இல்லாமல் இந்தக் கதை இல்லை. தேயிலை வந்தபோதோ இரண்டு தலைமுறை ஆட்கள் ஏற்கெனவே வந்து போயிருந்தார்கள். கோப்பிக் காலத்து வேலை பருவ வேலை. பழம் பறிக்க வந்து, முடிந்ததும் ஊர் திரும்பியவர்கள் ஆண்டுதோறும் பல்லாயிரம். திரும்பியவன் வாயை யார் கட்டினார்கள்? அதோடு கங்காணி அறிமுகமில்லாத ஊரில் ஆள் பிடித்தவனும் அல்லன். பெரும்பாலும் தன் ஊர், தன் சாதி, தன் உறவு. ஒரு வருஷம் ஏமாற்றினால் மறுவருஷம் அதே தெருவில் தலைகாட்ட வேண்டும். கோப்பித் தூரை வைத்து ஒரு பழைய கதை இருந்திருக்கலாம், பிறகு அதைத் தேயிலைக்கு மாற்றியிருக்கலாம் என்றும் சொல்லலாம். சரி, இருக்கட்டும். காலத்துக்கேற்ப உடை மாற்றிக்கொள்வது கதையின் குணமே தவிர, சாட்சியத்தின் குணமல்ல.

அப்படியானால் ஏமாற்றே நடக்கவில்லையா என்று சிலர் கோபப்படலாம். நடந்தது. அது தேங்காயில் நடக்கவில்லை, கணக்கில் நடந்தது. பயணச் செலவு, அரிசி, கம்பளி என்று முன்பணமாகக் கொடுத்தது எல்லாம் வேலைக்கு வரும் முன்பே கடனாகத் தலையில் ஏறியது. கங்காணியின் ஆட்கள் வேறு தோட்டத்துக்குப் போக வேண்டுமானால் பழைய தோட்டத்துத் துரை துண்டு எழுதித் தருவார்: இந்தக் கூட்டத்தின் கடன் இவ்வளவு, கட்டினால் விடுவிக்கிறேன். புதிய துரை கட்டுவார், கடன் அவர் ஏட்டுக்கு மாறும். மாறும்போதெல்லாம் சற்றுப் பெருத்துக்கொண்டே போகும். இடையில் ஒருவன் செத்தால் அவன் பங்கு உறவுக்காரர் தலையில் விழும். சட்டம் போட்டு இந்தத் துண்டு முறையை ஒழித்தது 1921இல். அதற்கு 20 ஆண்டுகள் முன்பு, வரும் ஆளுக்குத் தோட்டத்தின் எண் பொறித்த தகர வில்லை கொடுத்து, அதையே டிக்கட்டாக வைத்துக் கப்பலிலும் ரயிலிலும் அனுப்பும் வழக்கம் வந்திருந்தது. பெரிய கங்காணிக்கு வேலைக்கு இறங்கிய ஒவ்வொரு தலைக்கும் நாளொன்றுக்கு இவ்வளவு என்று தலைக்காசு உண்டு. கொழுந்து நிறை குறைந்தால் வருகைப் பதிவேடான செக்ரோலில் அரைப்பேர்தான், அதாவது அரைநாள் கூலிதான், விழும். ருஷ்ய எழுத்தாளர் கோகோல் 1842இல் வெளியிட்ட ‘இறந்த ஆன்மாக்கள்’ நாவலில் ஒருவன் ஊர் ஊராகப் போய்ச் செத்துப்போன பண்ணையடிமைகளின் பெயர்களை விலைக்கு வாங்குகிறான். உலகம் அதை அபாரக் கற்பனை என்று கொண்டாடியது. செத்தவன் கடன் உயிரோடிருப்பவனோடு தோட்டம் மாறிய நாட்டில் அதைப் படிப்பவருக்கு அது அவ்வளவு கற்பனையாகத் தோன்றாது.

அறியாத கூலி தேங்காய்க்கு மயங்கி வந்தான் என்ற படம் யாருக்கு வசதி என்பதையும் பார்க்க வேண்டும். துரைக்கு வசதி: இவன் குழந்தை, இவனை நாம்தான் பார்த்துக்கொள்ள வேண்டும். சீர்திருத்தக்காரருக்கும் வசதி: இவன் குழந்தை, இவனுக்காக நாம்தான் பேச வேண்டும். இருவருமே கதையைச் சொன்னவனை விட்டுவிட்டு, கதைக்குள் இருக்கும் முட்டாளையே உண்மை மனிதனாக எடுத்துக்கொண்டார்கள். தன்னை முட்டாளாக்கிக் கதை சொல்லத் தெரிந்தவன் முட்டாள் அல்லன் என்பது ஏனோ எளிதில் பிடிபடுவதில்லை.

ஏன் முட்டாள்? ஏன் ஒரு வீரன் இல்லை? அரநாயக்கவுக்கு அருகிலேயே மாவனெல்லையில் உதுவன்கந்த இருக்கிறது. கொழும்பு–கண்டி வீதியில் வண்டிகளை மறித்துக் கொள்ளையடித்த சரதியேலின் குன்று அது. ரயில் கண்டிக்குப் போனது 1867இல்தான்; அதுவரை கோப்பியும் கோப்பிப் பணமும் மாட்டு வண்டியில், அந்த வீதியில்தான் போயின. 1864 மார்ச் 21ஆம் தேதி அவனைப் பிடிக்கப் போன மலாய்க் கான்ஸ்டபிள் சபான் சுடப்பட்டு இறந்தார். மே 7ஆம் தேதி சரதியேலும் அவன் கூட்டாளி மம்மலே மரிக்காரும் கண்டியில் தூக்கிலிடப்பட்டார்கள். சிங்களவன், முஸ்லிம் என்று சமூகத்தின் ஓரத்தில் நின்றவர்கள் சேர்ந்த கூட்டம். கிராமம் அவனை ஏழைக்குக் கொடுத்த வள்ளலாக்கிக் கதை சொல்லிக்கொண்டது. அதே மலைகளில் பின்னால் குடியேறிய லயம் தனக்கு வைத்துக்கொண்ட நாயகனோ தேயிலைத் தூரைத் தோண்டி மாசி தேடுகிறவன். இந்த வேறுபாடு துணிச்சலில் இல்லை. ஒளிந்துகொள்ள ஊர் இருந்தவன் கொள்ளைக்காரனாக முடியும். வீடு துரையுடையது, வழி துரையுடையது, பார்க்க வரும் உறவினன்கூட அத்துமீறி நுழைந்தவன் என்ற நிலையில் வீரக் கதை சொல்வது ஆபத்து, அதைவிட அது பொய். கேலிக்குத் தண்டனை குறைவு, தன்னையே கேலி செய்தால் தண்டனையே இல்லை. கங்காணியின் பேராசையையும் கணக்கப்பிள்ளையின் கள்ளக் கணக்கையும் வைது பாடும் பாட்டுகளை மலையக எழுத்தாளர் சி.வி. வேலுப்பிள்ளை தேடித் திரட்டினார். மாசி மாதக் காமன் கூத்தில் ஆண், காமனை இழந்த ரதியாக வேடம் கட்டி விடிய விடிய அழும்போது இடையே கோமாளி வந்து போவான். துக்கத்துக்குள் சிரிப்பை நுழைப்பது அங்கே பழக்கப்பட்ட வேலை.

துயரத்தைச் சிரிப்பாக்குவது துயரத்தையே சிறிதாக்கும் என்று முற்போக்கு விமர்சகர்கள் தரப்பில் ஒரு மறுப்பு நெடுநாளாக உண்டு. அதில் நியாயம் இல்லாமல் இல்லை. அடிவாங்கியவனைப் பார்த்து மற்றவர் சிரிக்கும் கதைகளும் தமிழில் ஏராளம். யார் யாரைப் பார்த்துச் சிரிக்கிறார்கள் என்பதுதான் அளவுகோல். 1935இல் ‘மணிக்கொடி’யில் வந்த புதுமைப்பித்தனின் ‘துன்பக்கேணி’ வாசவன்பட்டியிலிருந்து ஒரு பெண்ணை இலங்கைத் தோட்டத்துக்குக் கொண்டுவருகிறது. ஆற்றல் மிக்க கதை. ஆனால் அங்கே தோட்டத்தைப் பார்ப்பவர் வெளியே நிற்கிறார், ஆகவே இரக்கம் இருக்கிறது, லயத்துக்குள் லயத்தைப் பார்த்துச் சிரிக்கும் குரல் இல்லை. அதற்கு முன்பே, தஞ்சாவூர்ப் பார்ப்பனரான கோ. நடேசய்யர் துணி வியாபாரியாக வேடமிட்டுத் தோட்டங்களுக்குள் நுழைந்து நிலைமையைப் பார்த்தார். பிறகு தொழிற்சங்கம் கட்டினார், பத்திரிகை நடத்தினார், துண்டுப் பிரசுரமும் நாடகமும் எழுதினார். தொழிலாளியைப் பார்க்கத் தலைவர் மாறுவேடம் போட வேண்டியிருந்தது என்பதே பாதி நகைச்சுவை நாடகம்தான்.

தமிழ்நாட்டில் ஜி. நாகராஜன் 1974இல் ‘நாளை மற்றுமொரு நாளே’ நாவலை எழுதியபோது சமூகத்திலிருந்து கழன்று விழுந்த ஒரு தனி மனிதன் கிடைத்தான். மலையகத்தில் கழற்றி விடப்பட்டது ஒரு சமூகமே. இலங்கையின் 1948ஆம் ஆண்டு 18ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டம் அதைச் செய்தது. 1964 அக்டோபரில் இலங்கைப் பிரதமர் சிறிமாவும் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் போட்ட ஒப்பந்தம் 975,000 பேரைக் கணக்கெடுத்து, 525,000 இந்தியாவுக்கு, 300,000 இலங்கைக்கு என்று பிரித்து, மீதி 150,000 பேரைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று வைத்தது. 1974இல் அதையும் பாதிபாதியாகப் பங்கிட்டார்கள். ஏழு பேர் போனால் நான்கு பேருக்கு இங்கே உரிமை என்ற விகிதத்தை நையாண்டி எழுத்தாளன் எழுதியிருந்தால் மிகைப்படுத்திவிட்டான் என்று பத்திரிகை ஆசிரியர் திருப்பி அனுப்பியிருப்பார். இந்தக் கணக்குகளுக்குள் பிறந்து வளர்ந்த எழுத்தில் உச்சம் என்று நான் நினைப்பது தெளிவத்தை ஜோசப்பின் ‘குடை நிழல்’ நாவல். தோட்டத்திலிருந்து வந்து கொழும்பில் வாழும் ஒருவன் விடுதலைப் புலியென்ற சந்தேகத்தில் கைதாகிறான். வடக்குக்கும் அவன் அந்நியன், தெற்குக்கும் அந்நியன். பிடிபட்டவனின் பயமும் தன்னைத் தானே கிண்டல் செய்யும் குரலும் அதில் ஒன்றாகவே ஓடுகின்றன. அந்தக் குரல் நவீன ஐரோப்பிய நாவல்களிலிருந்து வந்தது என்று சொல்ல வேண்டிய தேவை இல்லை. மாசிக் கதையைச் சொன்னவனின் குரல் அது.

அந்தக் கதையைச் சொன்னவன் யார் என்று ஊகிக்க இடமுண்டு. பெரிய கங்காணி அல்லன். அவனுக்குச் சிரிக்க வேண்டிய அவசியம் இருக்கவில்லை. கொழுந்தெடுத்தவளாக இருக்கலாம். சில்லறைக் கங்காணியாகவும் இருக்கலாம் என்று எனக்கு ஒரு எண்ணம். தன் அண்ணன் தம்பி, மச்சான், மச்சான் வீட்டுப் பிள்ளைகள் என்று ஒரு சிறு கூட்டத்தை அவன்தான் அழைத்து வந்தான். கடன் ஏட்டில் அவன் பெயரும் உண்டு, பெரிய கங்காணியின் ஏச்சும் அவனுக்கு உண்டு, லயத்தின் அடுத்த காம்பராவில் படுத்திருக்கும் மச்சானின் முகத்தைத் தினமும் பார்க்க வேண்டிய கடமையும் உண்டு. தேங்காய் இருக்கும் என்று நான்தானே சொன்னேன், நீயும் நம்பினாய் பார் என்று அவன் சொல்லியிருந்தால், அது குற்ற ஒப்புதலாகவும் இருக்கும், பழியில் பாதியைத் தள்ளிவிடும் தந்திரமாகவும் இருக்கும். கதையில் ஒரு பொய்யனும் ஒரு முட்டாளும் இருக்கிறார்கள் என்றுதான் நாம் வழக்கமாகப் படிக்கிறோம். ஆனால் இருவரும் ஒரே லயத்தில், ஒரே கடனில் இருக்கிறார்கள். இதை எழுதி வைத்த வரலாற்றாசிரியர்கள் லயத்தை விட்டுவிட்டுப் பொய்யனை மட்டும் பிடித்துக்கொண்டார்கள்.